புரதத்தின் வடிவத்தை செயற்கை நுண்ணறிவே சொல்லிவிடுகிறது... இனி ஆய்வுக்கூடம் எதுக்கு?

கிளமெண்டி ரோட்டில் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி. அதே சாலையில் தெற்கே போனால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகம். கிளமெண்டி அவென்யூ 1இல் பல்கலைக்கழகத்தின் கணித, அறிவியல் உயர்நிலைப் பள்ளி.

அறிவியல் படிக்கும் பிள்ளைகள் நிறைய நடமாடும் வட்டாரம் இது. உயிரியல் படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் வீட்டில் இப்படி ஒரு கேள்வி எழலாம்.

"அதான் கம்ப்யூட்டரே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுதே... இதைப் படிச்சு என்ன செய்யப் போறே?"

காரணம் இல்லாமல் இல்லை. 2024இல் வேதியியலுக்கான நோபெல் பரிசின் ஒரு பாதி 'ஆல்ஃபாஃபோல்ட்' எனும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்ப்பருக்கும் கிடைத்தது. புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு மறுபாதி. (ஹசாபிஸின் தாயார் சிங்கப்பூரைச் சேர்ந்தவர்.)

அப்படியென்றால் வேலை முடிந்துவிட்டதா? பதில் சொல்ல, முதலில் ஒரு புரதத்துக்குள் எது எதைத் தொடுகிறது என்று பார்க்கவேண்டும்.

'தொடர்பு' என்றால் என்ன?

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலி. அதில் 20 வகை அமினோ அமிலங்கள் உண்டு. சங்கிலி நீட்டிக்கொண்டே இருக்காது. மடிந்து, சுருண்டு ஒரு வடிவத்துக்கு வரும். அப்போதுதான் அது வேலை செய்யும்.

கிழக்கு-மேற்கு ரயில்பாதையை ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். கிளமெண்டி 23ஆவது நிலையம். தெம்பனிஸ் 2ஆவது. இரண்டுக்கும் இடையே தூரம் அதிகம். காகிதத்தை மடித்தால்? கிளமெண்டியும் தெம்பனிஸும் ஒன்றையொன்று தொடும்.

புரதத்திலும் அதுதான் நடக்கிறது. சங்கிலியில் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு அமினோ அமிலங்கள் மடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகின்றன. அவற்றுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் அதைத் 'தொடர்பு' என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை 10 மில்லியன் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் 1 ஆங்ஸ்ட்ராம்.

அதனால் நமக்கு என்ன?

கோவிட்-19 காலத்தை நினைத்துப் பாருங்கள். கிருமியின் மேலுள்ள கூர்ப்புரதம் 1,273 அமினோ அமிலங்கள் கொண்டது. அது மனித உயிரணுவின் ஏஸ்2 புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது.

2020இல் வெளியான ஆய்வு ஒன்று 4 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள் இருப்பவற்றை மட்டும் எண்ணியது. கிருமியின் பக்கம் 17 அமினோ அமிலங்கள், நம் பக்கம் 20. பெருந்தொற்றின் பிடி அந்தச் சின்ன இடத்தில்தான் இருந்தது.

அந்த 17இல் ஒன்று 501ஆவது இடம். அங்கே ஆஸ்பராஜின் போய் டைரோசின் வந்தது. பிடி இறுகியது. ஆல்ஃபா, பீட்டா, காமா, ஓமக்ரான் ஆகிய நான்கிலும் அந்த மாற்றம் இருந்தது.

அதே தொடர்பை வைத்தே சிங்கப்பூர் ஒரு பரிசோதனையையும் உருவாக்கியது. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வாங் லின்ஃபாவின் குழு உருவாக்கிய 'சிபாஸ்' சோதனை, ஒருவரின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் அந்தப் பிடியைத் தடுக்கின்றனவா என்று பார்க்கும். உயிருள்ள கிருமி தேவையில்லை. சில நாள்கள் பிடித்த வேலை சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

சென்னையில் போட்ட கணக்கு

1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் எளிமையான ஒரு கேள்வியை எழுப்பினர். அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கவேண்டும் என்றால் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம்?

அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. புதிய புரத வடிவம் ஒன்று சரியாக உள்ளதா என்று சோதிக்க இன்றும் உலகமெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கணினி ஊகித்த வடிவத்துக்கும் அதே சோதனைதான்.

2001இல் எம். மைக்கேல் குரோமிஹா, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எஸ். செல்வராஜ் இருவரும் தொலைவுத் தொடர்புகளை எண்ணினர். சங்கிலியில் 12 இடங்களுக்கும் மேல் தள்ளியிருந்தும் தொட்டுக்கொள்பவை அவை. அவர்கள் ஆராய்ந்த சிறு புரதங்களில், அத்தகைய தொடர்புகள் அதிகமாக இருந்தால் புரதம் மெதுவாக மடிகிறது என்று தெரியவந்தது.

செயற்கை நுண்ணறிவு எப்படி ஊகிக்கிறது?

ஒரே புரதம் பல உயிரினங்களில் இருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஓரிடம் மாறும்போதெல்லாம் இன்னோர் இடமும் சேர்ந்து மாறுவது தெரியும். அப்படியென்றால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆல்ஃபாஃபோல்ட் அந்தத் தடயத்தைப் பயன்படுத்துகிறது. அது பாடம் படித்தது புரதத் தரவு வங்கியில். 1971இல் தொடங்கிய அந்தப் பொது வங்கியில் இப்போது 200,000க்கும் அதிகமான வடிவங்கள் உள்ளன. அவை ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்பட்டு இலவசமாகப் பகிரப்பட்டவை. அதன் பலனாக 2022இல் 200 மில்லியனுக்கும் அதிகமான புரதங்களின் ஊக வடிவங்கள் வெளியாயின.

எங்கே தடுமாறுகிறது?

ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறினால் என்ன ஆகும்? அந்த விளைவைச் சொல்ல ஆல்ஃபாஃபோல்ட் சரிபார்க்கப்படவில்லை என்று அதை உருவாக்கியவர்களே கூறியிருக்கிறார்கள். 501ஆவது இடத்தைப் பற்றிய கேள்வி சரியாக அந்த வகைதான்.

புரதம் அசையும். மருந்து ஒட்டும்போது வடிவம் மாறும். ஊக வடிவம் பெரும்பாலும் ஒரு புகைப்படம் மாதிரி. நம்பிக்கை குறைந்த பகுதிகளைக் கருவியே ஆரஞ்சு நிறத்தில் காட்டிவிடும். அந்தப் பகுதியின் வடிவத்தை நம்பி மேற்கொண்டு முடிவெடுப்பது ஆபத்து.

தரவு யாருக்குச் சொந்தம்?

2024 மே மாதம் ஆல்ஃபாஃபோல்ட் 3 அறிவிக்கப்பட்டபோது அதன் நிரல் வெளியிடப்படவில்லை. அறிவியலாளர்கள் பலர் குறைகூறினர். நவம்பரில் வெளிவந்தது. ஆனால் வர்த்தகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டும்.

பொதுமக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து கற்ற கருவி அது. அதன் பலன் யாருக்குத் திறந்திருக்கவேண்டும் என்ற கேள்வி, உயிர்மருத்துவத் துறையில் முதலீடு செய்துள்ள சிங்கப்பூருக்கும் பொருந்தும்.

ஆக, படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் பாடம் மாறியிருக்கிறது.

வடிவத்தைக் கண்டுபிடிக்க முன்பு ஆண்டுக்கணக்கில் ஆனது. இப்போது சில நிமிடங்களில் ஓர் ஊகம் கிடைக்கிறது. எந்தத் தொடர்பு முக்கியம், அதை உடைத்தால் என்ன நடக்கும், ஊகம் சரியா என்று கேட்டுச் சோதித்துப் பார்ப்பது மனிதரின் வேலை. அதற்கு உயிரியலும் வேண்டும், கணக்கும் வேண்டும், கொஞ்சம் நிரல் எழுதவும் தெரியவேண்டும்.

கிளமெண்டியிலிருந்து ரயிலில் இரண்டு நிலையங்கள் போனால் புவன விஸ்தா. அங்குள்ள பயோபோலிஸில் இந்த வேலைதான் நடக்கிறது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளம் இலவசம். இன்று மாலையே இன்சுலின் வடிவத்தைத் திறந்து, எங்கே நீலம், எங்கே ஆரஞ்சு என்று பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள்.