கையெழுத்து போடுங்க, டைம் ஆச்சு!

பெருங்குடியில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கம்பெனி வேன்களில் வந்து இறங்கும் பிள்ளைகளில் பலருக்கு என்ன வேலை தெரியுமா? அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் ரெக்கார்டைப் படிப்பது. ஒஹையோவில் ஒரு பாட்டிக்கு முட்டி ஆபரேஷன் என்றால் எந்த முட்டி, என்ன மயக்க மருந்து, எத்தனை மணிக்கு என்று வரிவரியாகப் பார்த்து நம்பர் போட வேண்டும். மெடிக்கல் கோடிங் என்று பெயர். அங்கே எழுதி வைக்காத சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ்காரன் காசு தரமாட்டான். கோர்ட்டுக்குப் போனால் எழுதாததை நிரூபிப்பது கஷ்டம். அந்தப் பயத்தில் அமெரிக்க டாக்டர் எழுதித் தள்ளுகிறார். நம் பசங்களுக்குச் சம்பளம் வருகிறது. சந்தோஷம்.

அதே பையனின் அம்மாவை இங்கே அட்மிட் செய்து பாருங்கள். டிஸ்சார்ஜ் அன்று கைக்கு வருவது நீளமான பில்லும் ஒன்றரைப் பக்க சம்மரியும்தான். கேஸ் ஷீட் காப்பி கேட்டால், "எதுக்கு சார், கேஸ் போடப் போறீங்களா?" என்கிறார்கள்.

போட்டால்தான் என்ன? மெடிக்கல் கவுன்சிலின் 2002-ம் வருட விதிகளிலேயே இருக்கிறது: உள்நோயாளி ரெக்கார்டை 3 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இதை ஆஸ்பத்திரி வரவேற்பறையில் போர்டு எழுதி மாட்டியதாக நான் பார்த்ததில்லை. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஆஃபர் போர்டு மட்டும் பளபளவென்று தொங்குகிறது.

ரெக்கார்டைவிடப் பெரிய கூத்து, கன்சென்ட் ஃபாரம். பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா பேப்பர் ஞாபகம் இருக்கும். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம், 13-வது பிரிவு: ஒரே விஷயத்தை, ஒரே அர்த்தத்தில், இரு தரப்பும் ஒப்புக்கொள்வதுதான் சம்மதம். பருத்தி மூட்டை வாங்கி விற்பவனுக்கே இந்த விதி. வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சம்மதிப்பவருக்கு? ஸ்ட்ரெச்சர் கிளம்பிய பிறகு ஒரு நர்ஸ் ஓடி வந்து, பொடி எழுத்து இங்கிலீஷில் ஒரு தாளை நீட்டுகிறார். "இங்க, இங்க, இங்க. சீக்கிரம் போடுங்க, தியேட்டர் ரெடி." என்ன ஆபரேஷன் என்ற இடம் காலியாக இருக்கும். அதை அப்புறம் ஃபில்லப் பண்ணிக்கொள்வார்களாம். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போடாதே என்று வங்கியில் சொல்லித்தருகிறார்கள். ஆஸ்பத்திரியில் அதைத்தான் கேட்கிறார்கள்.

இதன் விலை என்ன? 1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குப் படுத்தார். மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியில் நின்ற அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் எதுவுமில்லை. 2008-ல் சுப்ரீம் கோர்ட் அது தவறு என்றது. மகிழ்ச்சி. நஷ்ட ஈடு? டாக்டர் ஃபீஸ் கிடையாது. கூடவே 25,000 ரூபாய். எழுத்துப் பிழையில்லை, இருபத்தைந்தாயிரம்தான்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் வேறொரு சண்டை உண்டு. நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை டாக்டர்களின் வழக்கம் தீர்மானிக்கக் கூடாது, முடிவெடுக்க நோயாளிக்கு என்ன தேவையோ அதுதான் அளவுகோல் என்று 1972-லேயே வாஷிங்டன் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. நம் கோர்ட் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, நமக்கு ஒத்துவராது, பிரிட்டிஷ் வழியே போதும் என்றது. காரணம், இங்கே நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், படிக்காதவர்கள், மருத்துவ விஷயம் புரியாதாம். கோயம்பேட்டில் மூட்டை எடுத்து விற்கும் அம்மாவுக்கு மீட்டர் வட்டிக் கணக்கு புரிகிறது. 'கர்ப்பப்பையை எடுக்கப் போறோம்' என்று தமிழில் சொன்னால் புரியாதா? படிக்காதவர் என்றால் இரண்டு தடவை சொல்லணும். சொல்லாமல் விடுவதற்கா அது சாக்கு? வேடிக்கை என்னவென்றால், நாம் இரவல் வாங்கிய அந்த வழியை, நோயாளிக்குத் தகவல் சொல்லும் விஷயத்தில் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டே 2015-ல் கைவிட்டுவிட்டது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம எழும்பூரே சாட்சி. 1996-ல் அரசு ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றினார்கள். நல்ல விஷயம். ஆனால் அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு விழித்திரை பாதிக்கலாம், சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதிக்கணும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. பார்வை போய்விட்டது. தேசிய நுகர்வோர் கமிஷன் கொடுத்தது 5 லட்சம். 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ஏறத்தாழ 1.8 கோடி கொடுக்கச் சொன்னது. குழந்தைக்கு அப்போது 18 வயது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

டாக்டர் நண்பர்கள் உடனே, "அமெரிக்கா மாதிரி கேஸ் பயம் வந்தால் தலைவலிக்கும் ஸ்கேன்தான் எழுதுவோம்" என்பார்கள். அமெரிக்காவில் அந்த வியாதி நிஜம்தான். இங்கே கேஸ் பயம் இல்லாமலே ஸ்கேன் எழுதுகிறீர்களே ஐயா! தவிர, கிரிமினல் வழக்கு என்றால் போலீஸ் முதலில் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கணும் என்று 2005-லேயே சுப்ரீம் கோர்ட் கேடயம் கொடுத்துவிட்டது. அடிக்க வரும் உறவுக்காரக் கும்பலை நான் ஆதரிக்கவில்லை, அது ரவுடித்தனம். ஆனால் விவரம் சொல்லாத இடத்தில்தான் வதந்தி முதலில் போய் உட்காருகிறது.

1994-ல் நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் நோயாளியை நுகர்வோர் இல்லை என்றது. அடுத்த வருஷமே சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. 2024 மே மாதம் அதே சுப்ரீம் கோர்ட், வக்கீல் மட்டும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டார் என்று தீர்ப்பளித்து, போகிறபோக்கில் டாக்டர் விஷயத்தையும் மறுபரிசீலனை செய்யலாமே என்றது! நல்லவேளை, நவம்பரில் மூன்று நீதிபதிகள் அதற்கு அவசியமில்லை என்றார்கள். கறுப்பு கோட்டுக்கு ஒரு நியாயம், வெள்ளை கோட்டுக்கு ஒரு நியாயம் என்று டாக்டர்கள் முணுமுணுப்பதில் தப்பே இல்லை. வக்கீலையும் உள்ளே கொண்டு வாருங்கள் என்று அவர்கள் கேட்டால் நானும் கூட நிற்கிறேன்.

அதுவரைக்கும் ஆஸ்பத்திரிகளிடம் கேட்பது இதுதான். தமிழில் ஃபாரம். காலி இடம் இல்லாத ஃபாரம். அவசர கேஸ் தவிர, முந்தின நாளே கையில் கொடுங்கள். சுயநினைவோடு இருக்கிற பெண்ணுக்கு ஆபரேஷன் என்றால் புருஷனைத் தேடாமல் அவளிடம் கையெழுத்து வாங்குங்கள். நீங்களும் "எல்லாம் டாக்டர் பாத்துக்குவார்" என்று பேனாவைத் திறக்காதீர்கள். நர்ஸ் அவசரப்படுத்தினால், "படிச்சுட்டுப் போடறேம்மா" என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியை எடுங்கள்.