ஒன்பதாவது ஆள்

2025-ஆம் வருஷம் மார்ச் 28-ந் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று இரவு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் வைத்த ரசம் வைத்தபடியே ஆறிப் போயிற்று. அதற்குக் காரணம் மகேந்திர சிங் தோனி என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உள்ளது அதுதான்.

என் மாமியாருக்கு வயது 82. எட்டரை மணிக்குப் படுத்து விடுகிறவர். கிரிக்கெட்டில் அவருக்குத் தெரிந்தவர் ஒரே ஓர் ஆசாமிதான். "அவன் வரச்சே என்னை எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போவார். எழுப்பினால் எழுந்து உட்கார்ந்து, நாலு பந்து பார்த்துவிட்டு மறுபடி படுப்பார். அன்றைக்கு என்னவோ படுக்கவே இல்லை. மாடியில் குடியிருப்பவர்களின் பையன் விடியற்காலையில் பல்லவனைப் பிடித்துச் சென்னைக்கே போயிருந்தான், சேப்பாக்கத்தில் நேரில் பார்க்க. ரயில் சார்ஜைப் போலப் பல மடங்கு டிக்கெட்டுக்குக் கொடுத்தானாம். அவன் அம்மா படி இறங்கி வந்து என்னிடம் அங்கலாய்த்து விட்டுப் போனாள்.

பெங்களூர்க்காரர்கள் 196 ஓட்டம் எடுத்து விட்டார்கள். சென்னைக்கு வேண்டியது 197. ஆரம்பத்திலிருந்தே ஒவ்வொருவராகப் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொருவர் இறங்கும்போதும் மாமியார் கண்ணை இடுக்கிக் கொண்டு, "இவனா?" என்பார். "இல்லை பாட்டி" என்பான் என் நாத்தனார் பிள்ளை. இன்ஜினீயரிங் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். ஆறு பேர் போனார்கள். அப்புறமும் அவர் வரவில்லை. அஸ்வின் வந்தார்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா, அஸ்வின் நம்ம மாம்பலத்துப் பிள்ளை, ரொம்ப நல்லவன்தான். ஆனா பந்து போடறவனை அனுப்பிச்சுட்டு, அடிக்கிறவன் உள்ளே என்னடா பண்ணிண்டிருக்கான்?"

99 ஓட்டத்துக்கு ஏழு பேர் அவுட். அதற்கப்புறந்தான், ஒன்பதாவது ஆளாக, தோனி வந்தார். கேட்க வேண்டுமா! ஜெயிப்பதற்கு வழியே இல்லை என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் சேப்பாக்கம் இரண்டுபட்டது. 16 பந்தில் 30 ஓட்டம். கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர். சென்னை 50 ஓட்டத்தில் தோற்றது. 2008-க்குப் பிறகு பெங்களூர் சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றுதான்.

இரவு பதினொன்றரைக்கு மாடிப் பையன் அம்மாவுக்குப் போன் செய்தான். மாடிப்படியில் நின்று அவள் பேசியது எங்கள் கூடம் வரை கேட்டது. தோற்றுப் போனதைப் பற்றி அழுவான் என்று பார்த்தால், "அம்மா, பார்த்துட்டேன்! ரெண்டு சிக்ஸ்!" என்று கத்துகிறான். எங்கள் வீட்டிலோ மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கப் போனார். ஒரே ஆட்டம், அவனுக்குப் பணம் வசூலாகி விட்டது, இவருக்குத் தூக்கம் நஷ்டம்.

எனக்கு இதில்தான் சந்தேகம் வந்தது. ஓர் ஆட்டக் குழுவை நடத்துகிறவர் யாருக்காக நடத்துகிறார்? ஜெயிப்பதற்காகவா, பார்க்க வந்தவர்களுக்காகவா? மறுநாள் காலை காப்பி டம்ளரோடு மருமானைப் பிடித்துக் கொண்டேன்.

அவன் உடனே கணக்கு நோட்டைத் திறந்து விட்டான். நோட்டு என்றால் நோட்டு இல்லை, கையிலிருக்கும் போன். "மாமி, உணர்ச்சி வசப்படாதீங்கோ. 2024-ஐப் பாருங்கோ. சீஸன் பூராவும் அவர் ஆடினது 73 பந்துதான். எடுத்தது 161 ஓட்டம். நூறு பந்துக்கு 220 வீதம்! பதினோரு தடவை இறங்கினதுல மூணே தடவைதான் அவுட். கடைசி ரெண்டு ஓவர்லே இப்படி அடிக்கிற ஆளை யாராவது எட்டாவது ஓவர்லே அனுப்புவாளா?"

அதே வருஷம் ஏப்ரல் 14-ந் தேதியை நினைவூட்டினான். அன்று சித்திரை முதல் நாள். பாயசம் குடித்த கையோடு நாங்கள் எல்லோருமே பார்த்தோம். பம்பாய் வான்கடே மைதானத்தில் கடைசி ஓவரில் நாலே பந்து. மூன்று தொடர்ச்சியாக சிக்ஸர், அப்புறம் ஓர் இரண்டு. ஆக 20. சென்னை ஜெயித்தது எவ்வளவு ஓட்டத்தில் தெரியுமோ? அதே 20. கணக்கும் சந்தோஷப்பட்டது, கூட்டமும் சந்தோஷப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் நிர்வாகிக்குக் கஷ்டமே இல்லை.

இன்னொன்றும் சொன்னான். 2023 முதல் இந்தப் பந்தயத்தில் பதினோரு பேருக்குப் பதில் பன்னிரண்டாவதாக ஒருவரையும் மாற்றி இறக்கலாம் என்று விதி செய்து விட்டார்கள். அடிக்கிறவர் ஒருவர் கூடுதலாகக் கிடைத்ததால், தோனியைப் பின்னால் நிறுத்தி வைப்பது இன்னும் சுலபமாயிற்றாம். கல்யாண வீட்டில் பரிமாற ஆள் ஜாஸ்தியானால் பெரியவரை உட்கார வைத்து விடுவதில்லையா, அந்த மாதிரி.

கணக்குப் பார்த்து ஆளை இறக்குவது நம் ஊர்ச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. பந்து எறிகிறவர் ஒருவர்தான் அதில் கதாநாயகர். நடுவில் அவரை வெளியே கூப்பிட்டு விட்டால் அன்றைக்கு மறுபடி உள்ளே வர முடியாது. 2020-ல் அவர்களுடைய பெரிய இறுதிப் பந்தயத்தின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே குழுவின் பிளேக் ஸ்னெல் பிரமாதமாக எறிந்து கொண்டிருந்தார். ஒன்பது பேரைப் பந்தைச் சரியாக அடிக்க விடாமலே அனுப்பி விட்டார். திடீரென்று அவருடைய மானேஜர் கெவின் காஷ் நடந்து வந்து பந்தைக் கையில் வாங்கிக் கொண்டார். காரணம்? ஓர் எறிபவரை அதே ஆட்டக்காரர்கள் மூன்றாவது சுற்றாகச் சந்திக்கும்போது அவர் வித்தை அவர்களுக்குப் பிடிபட்டு விடும் என்பது கணக்கு. காந்தி மார்க்கெட்டில் ஒரே கடைக்காரனிடம் மூன்றாவது தடவை பேரம் பேசுகிறவள் ஏமாற மாட்டாள் அல்லவா? சரியான கணக்குத்தான். ஆனால் அடுத்து வந்தவர் கையில் ஆட்டம் கவிழ்ந்தது. கோப்பை லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவுக்குப் போயிற்று. ஸ்னெல் அன்று எறிந்தது எத்தனை பந்து என்று நினைக்கிறீர்கள்? 73!

ஜெயித்த லாஸ் ஏஞ்சல்ஸ் மானேஜர் டேவ் ராபர்ட்ஸுக்கும் ஒரு சோதனை வந்தது. 2022 ஏப்ரலில், குளிரில் நடுங்கும் மினியாபொலிஸ் ஊரில், அவருடைய கிளேட்டன் கெர்ஷா வரிசையாக வந்த 21 பேரில் ஒருவரையும் முதல் தளத்தை எட்ட விடவில்லை. இன்னும் ஆறு பேர்; முடித்திருந்தால் அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரத்தில் அதுவரை 23 தடவைதான் நடந்த அதிசயம். 80 பந்து ஆனதும் ராபர்ட்ஸ் அவரை உட்கார வைத்து விட்டார்! பார்க்க வந்தவர்களின் வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டுமா? கெர்ஷாவுக்கு அப்போது 34 வயது. முந்தின வருஷக் கடைசியில் கை வலியால் பெரிய பந்தயங்களுக்கே வராதவர். எடுத்தது சரியான முடிவு என்று அவரே சொன்னார். அது பெரிய மனசு.

கூடைப்பந்துக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். பேர்போன ஆட்டக்காரர்களை ஓய்வு என்று உட்கார வைத்துவிட்டு டிக்கெட் வாங்கியவர்களை ஏமாற்றக் கூடாது என்று 2023-ல் அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள். மீறினால் அபராதம், முதல் தடவையே லட்சம் டாலர்.

இதெல்லாம் சொல்லிவிட்டு மருமான், "ஆகையினாலே மாமி, கணக்குதான் ஜெயிக்கும்" என்றான். நான் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவளா? "ஜடேஜா கணக்கை எந்த நோட்டில் எழுதியிருக்கே?" என்று கேட்டேன்.

2023 மே மாதம் 10-ந் தேதி, சேப்பாக்கத்தில் டில்லியை ஜெயித்த பிறகு, ஆட்ட நாயகன் பரிசு வாங்கிக் கொண்டு ரவீந்திர ஜடேஜா ஒன்று சொன்னார். தான் இறங்கினாலே கூட்டம் தோனியின் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. இன்னும் முன்னால் இறங்கினால், தான் எப்போது அவுட்டாவோம் என்றுதான் காத்திருப்பார்கள் என்றார். சிரித்துக் கொண்டேதான் சொன்னார். நமக்குச் சிரிப்பா வருகிறது? சொந்த ஊர் ஜனங்கள், சொந்தக் குழுவின் ஆள் அவுட்டானதற்குக் கைதட்டுகிறார்கள்!

நமக்குத் தெரியாத கதையா இது? வருஷம் முந்நூற்றறுபது நாளும் அடுப்படியில் வேகிறவள் ஒருத்தி. தீபாவளிக்கு வந்து ஒரு கிண்ணம் அல்வா கிளறுகிற நாத்தனாருக்கு, "உன் கைமணமே தனிடீ!" என்று வீடே எழுந்து நிற்கும். (இதை என் மருமானின் அம்மா படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அந்த மே மாதமே பதில் வந்ததையும் சொல்ல வேண்டும். ஆமதாபாத்தில் இறுதி ஆட்டம். மழையினால் நள்ளிரவும் தாண்டிப் போயிற்று. தோனி முதல் பந்திலேயே பூஜ்யம். கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் வேண்டும். ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி, அடித்தவர் ஜடேஜா. தோனி அவரை அப்படியே இடுப்போடு தூக்கிக் கொண்டார். அந்தப் படத்தை யார் மறப்பார்கள்? ஆனால் அடுத்த வருஷம் ஜனங்கள் மறுபடி அதே கூச்சல்தான்.

என் மாமியாரின் தகப்பனார் அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடகங்களுக்கு விடிய விடியப் போய் வருவாராம். ராஜா செத்து மேடையில் கிடப்பார். கொட்டகை "ஒன்ஸ்மோர்!" என்று கத்தும். செத்த ராஜா எழுந்து, பாட்டை மறுபடி பாடிவிட்டு, இன்னொரு முறை சாவார். காண்ட்ராக்டருக்கு வசூல், ஆனால் கதை போன இடம் தெரியாது. தியாகராஜ பாகவதர் வாழ்ந்த ஊரான திருச்சியில் இருந்துகொண்டு கூட்டத்தை நான் குறை சொல்வது நியாயமில்லைதான். ஒரு நிமிஷ சேவைக்கு வைகுண்ட ஏகாதசியன்று எத்தனை மணி நேரம் நிற்கிறோம்! ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை இரண்டு சிக்ஸர், என்னைக் கேட்டால், செத்த ராஜா பாடிய பாட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கௌஹாத்தியில் அடுத்த ஆட்டம். இந்தத் தடவை தோனி ஏழாவதாக வந்தார். 11 பந்தில் 16 எடுத்து அவுட்டானார். ஆறே ஓட்டத்தில் தோல்வி. அதற்குப் பிறகு பயிற்சியாளர் பிளெமிங் பத்திரிகைக்காரர்களிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னார்: தோனியின் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் ஓடி ஓடி ஆட முடியாது, அன்றன்றைக்கு எவ்வளவு முடியும் என்று அவரே பார்த்துக் கொள்கிறார். 2023-ல் கோப்பையை வாங்கிய கையோடு முழங்காலில் ஆபரேஷன் செய்து கொண்டவர்தானே!

திங்கட்கிழமை காலை மருமான் இதைப் படித்துக் காட்டினான். மாமியார் கால்களுக்குத் தைலம் தேய்த்துக் கொண்டிருந்தார். தேய்த்த கை நின்று விட்டது.

"முழங்காலா? அடப் பாவமே! இதை முன்னாடியே சொல்லப் படாதோ? நான் அவனைப் போய் வாய்க்கு வந்தபடி வைதேனே."

ஒரு காலத்தில் மாமியார் தினம் விசுவரூப சேவைக்கு நடந்தே போவார். இப்போது ஏகாதசிக்கு ஏகாதசிதான். அதுவும் முதல் நாளே காலைப் பார்த்து முடிவு செய்வார். எந்த நாள் போக வேண்டும், எந்த நாள் வீட்டிலிருந்தே கை கூப்ப வேண்டும் என்று அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதனால்தான் போனில் இருந்த 220-ஐவிட அந்த ஒரு வார்த்தை அவருக்கு உடனே புரிந்தது. நிர்வாகிகள் இதை வெள்ளிக்கிழமைக்கு முன்பே சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? எதிராளிக்குத் தெரிந்து விடும் என்கிறான் மருமான். எதிராளிக்கா தெரியாது! தெரியாமல் கண்விழித்தவர்கள் நாங்கள்தான்.

அந்த வருஷம் சென்னைக்கு 14 ஆட்டத்தில் நாலே ஜெயம். பத்துக் குழுவில் பத்தாவது இடம். அதற்கு முன் ஒருபோதும் கடைசியில் நின்றதில்லை.

மாமியார் பார்ப்பதை விடவில்லை. பிறகு வந்த ஓர் இரவு ஆட்டத்தன்று எட்டரை மணிக்கு வழக்கம்போலப் படுத்துக் கொண்டார். விளக்கை அணைக்கப் போன என்னைக் கூப்பிட்டார்.

"ஏழாவது ஆளா வந்தா என்னை எழுப்பு. ஒன்பதாவதா வந்தான்னா வேண்டாம், தூங்கறேன்."