அந்தப் பையன் வேண்டாம் என்றுதான் சொன்னான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் பிள்ளைகளோடு கடலுக்குக் கிளம்பும் முன்னாவது ஒருமுறை வந்து படித்துவிட்டுப் போங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். ஒருகாலத்தில் என்னிடம் தோப்புக்கரணம் போட்டவர். இப்போது அவர் பையனே பத்தாவது படிக்கிறான். "சார், லீவுக்குக் குடும்பத்தோட ஸ்கூபா போறமுங்க. படகெல்லாம் இல்லீங்க, கரையிலிருந்தே நடந்து உள்ள போயிரலாமாம். ரேட்டும் கம்மி, பயமும் இல்லீங்க" என்றார்.

ரேட்டு கம்மி என்பது சரி. பயம் இல்லை என்றதுதான் எனக்குச் சுருக்கென்றது. 2014-ல் நானும் அப்படியேதான் நினைத்தேன்.

மதுக்கரை வாத்தியாருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நமக்குத் தெரிந்ததெல்லாம் சுண்ணாம்புக்கல் குவாரியும், சிமெண்ட் ஆலையும், கணவாய்க் காற்றும். ஆனால் நான் உடற்கல்வி ஆசிரியர். சுரைப்புருடையை முதுகில் கட்டி என்னைக் கிணற்றில் தள்ளிவிட்ட காலத்திலிருந்து தண்ணீர் என்றால் எனக்குத் தனி கர்வம். மகள் பெங்களூரில் வேலைக்குப் போனபின் ஸ்கூபா கற்றுக்கொண்டாள். அவள் வற்புறுத்தி, டாக்டர் சான்றிதழ் வாங்கி, 2014-ல் புதுச்சேரியில் நானும் கற்றேன். 18 மீட்டர் வரை போகலாம் என்று அட்டையும் கொடுத்தார்கள். அங்கே எல்லாம் படகில்தான். படகின் ஓரத்தில் உட்கார்ந்து முதுகுப் பக்கமாகத் தண்ணீரில் விழ வேண்டும். முதல் தடவை வயிற்றைக் கலக்கியது. இதற்குக் கரையிலிருந்து நடந்து போவது எவ்வளவோ சுலபமாக இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆழத்தில் சிலிண்டர் ஒரு சுமையே இல்லை. தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. அதே சிலிண்டர் கரையில் நிரம்பியிருக்கும்போது 16, 17 கிலோ. இடுப்பில் ஈயக்கட்டி, காற்றுச் சட்டை, மற்ற சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் 25 கிலோவை நெருங்கும். அதாவது ஒரு அரிசிச் சிப்பத்தை முதுகில் கட்டிக்கொண்டு, வழுக்கும் பாறை மேலோ நகரும் மணல் மேலோ, எதிரே வரும் அலையைப் பார்த்து நடக்கிறீர்கள். ஒரு கனமீட்டர் கடல் நீர் சுமார் 1,025 கிலோ. இடுப்பளவு அலை என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அது ஒரு டன்னுக்கு மேல் எடையோடு வந்து இடிக்கிற சாமான். முதுகில் கனம் இருப்பவன் விழுந்தால் மல்லாந்த ஆமைதான்.

2017 மே மாதம். மேற்குக் கரையில் ஓர் ஊர். ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம். நானும் மகளும் காலை எட்டு மணிக்குக் கரையில் நிற்கிறோம். மேகம் இல்லை, காற்று இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தோம், கடல் சமத்தாக இருந்தது. எங்களை அழைத்துப் போக வந்த பயிற்சியாளனுக்கு 22 வயது இருக்கும், குமரிப் பக்கத்து மீனவர் வீட்டுப் பையன். அவன் மட்டும் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "சாரே, கொஞ்ச நேரம் இருந்து பாப்போம். தண்ணி இழுக்குது" என்றான்.

கடைக்காரர் பத்து மணிக்கு அடுத்த குழு வருகிறது என்று போனில் அவசரப்படுத்தினார். அவரைச் சொல்லி என்ன? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, நாங்க கெணத்து மேட்டுல இருந்து குதிச்சு வளந்தவங்க. இவ்வளவு தூரம் காசு செலவு பண்ணி வந்திருக்கோம். பாத்துக்கலாம், வா." முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டிய குரல். அவன் எழுந்துவிட்டான்.

முழங்கால் ஆழத்தில் நின்று, ஒற்றைக் காலில் தள்ளாடியபடி ஃபின்னை மாட்டினேன். ரெகுலேட்டரை வாயில் வைக்கவில்லை. தலைதான் வெளியே இருக்கிறதே, காற்றை எதற்கு வீணாக்க வேண்டும் என்ற எண்ணம். நம் ஊர்ச் சிக்கனம் எங்கே போனாலும் கூடவே வருகிறது பாருங்கள்.

அப்போது வந்தது அலைக்கூட்டம். முதல் அலை தொடையில் அடித்தது. இரண்டாவது நெஞ்சில். விழுந்தேன், கண்ணாடி போய்விட்டது. கிணற்றுப் புத்தி என்னை எழுந்து நிற்கச் சொன்னது. நின்றால் திரும்பிப் போகிற தண்ணீர் காலடி மணலை உருவிக்கொண்டு போகிறது. மூன்றாவது அலை முகத்தில். வாய் நிறைய உப்பு. அந்தப் பையன் பின்னாலிருந்து சிலிண்டரின் வால்வைப் பிடித்தான், ரெகுலேட்டரை என் வாயில் திணித்தான், "எழும்பாதீங்க சாரே, எழும்பாதீங்க" என்று கத்திக்கொண்டே படுத்தவாக்கில் என்னை இழுத்துப்போனான். கடைசிப் பத்தடி மண்டியிட்டுத் தவழ்ந்தேன். வலது தோள் மூட்டு இறங்கிவிட்டது. மகள் எனக்குப் பின்னால் கரையோரமாக நின்றிருந்ததால் தப்பித்தாள்.

எங்கள் எதிரிலேயே கடைக்காரர் அந்தப் பையனைத் திட்டினார். அவன் வேண்டாம் என்றான், நான்தான் கட்டாயப்படுத்தினேன் என்று நான் சொல்லவில்லை. வலி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைய கூலியில் பிடித்தார்கள் என்று மகள் பிறகு சொன்னாள்.

அதற்கப்புறம்தான் படித்தேன், கேட்டேன். அலைகள் கூட்டமாக வரும், நடுவே ஓய்வு இருக்கும். தூரத்திலிருந்து வரும் அலையாக இருந்தால் அந்த ஓய்வு பல நிமிடம் நீளும். நாங்கள் பார்த்த ஐந்து நிமிடமும் அந்த ஓய்வுதான். கால்மணி, இருபது நிமிடம் பார்த்திருந்தால் பெரிய அலை எங்கே உடைகிறது, எத்தனை அலைக்கு ஒருமுறை வருகிறது என்று தெரிந்திருக்கும். பையன் பாறையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

இந்தக் கடற்கரைகளில் "கள்ளக்கடல்" என்று ஒரு சொல் உண்டு. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திருடன்போல வந்து ஏறும். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நம் பள்ளி விடுமுறையில். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவர்கள் அலையில் போனார்களே, அப்போதும் அந்த எச்சரிக்கை அமலில் இருந்தது. அவர்கள் ஸ்கூபாவுக்குப் போனவர்கள் அல்ல. ஆனால் இடம் அதே கரையோரம்தான், ஆழ்கடல் இல்லை. நமக்கு ஆடிக் காற்று ஓட்டைத் தூக்கினால்தான் காலம் சரியில்லை என்று தோன்றும். கடலுக்கு அந்தக் கணக்கு போதாது.

இன்னொன்று. அலை உடையாமல் கொஞ்சம் கருப்பாக, அமைதியாகத் தெரியும் ஒரு சந்து சில கரைகளில் இருக்கும். புதிதாகப் போகிறவர் அதைத்தான் நல்ல வழி என்று தேர்ந்தெடுப்பார். பெரும்பாலும் அதுதான் தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் போகும் வாய்க்கால். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும்.

அலை இருக்கும் மணல் கரை என்றால் கண்ணாடி, ரெகுலேட்டர், ஃபின் எல்லாம் தண்ணீருக்கு வெளியிலேயே மாட்டிவிட வேண்டும். பிறகு பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோ காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். தேய்த்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கையும் விலகிப்போகும். விழுந்தால் எழாதீர்கள், அப்படியே நீந்துங்கள். பாறைக் கரை என்றால் பாசி, முள்ளெலி, கூர்மையான பவளம். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரலுக்கெல்லாம் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்போடுதான் இறங்குகிறார்கள். கடலிலேயே பிழைக்கிறவர்கள் அப்படி இறங்கும்போது நாம் வெறுங்காலோடு போவதற்கு என்ன இருக்கிறது?

திரும்பி வருவது இன்னும் கஷ்டம். உடம்பு சோர்ந்திருக்கும், காற்றும் குறைந்திருக்கும். 50 பார் மிச்சம் வைத்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. அலை இருக்கும் கரைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று ஒரு கூட்டத்தைப் போகவிட்டு, கடைசிப் பெரிய அலையின் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். எல்லோரும் கரையையே பார்த்துக்கொண்டு வருகிறோம், அலையோ முதுகுக்குப் பின்னால் வருகிறது. காலடி காயும்வரை ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். தவழ்ந்து வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்தமானில் ஹேவ்லாக் தீவில், இப்போது ஸ்வராஜ் தீப் என்கிறார்கள், நீமோ ரீஃப் என்ற இடத்தில் புதியவர்களைக் கரையிலிருந்தே அழைத்துப் போகிறார்கள். அடங்கிய தண்ணீர், ஓதம் பார்த்து நேரம் வைக்கிறார்கள். அதனால் கரை வழியே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எந்தக் கரை, எந்த நேரம் என்பதுதான் கேள்வி.

என் வாதம் வேறு. இந்த நுணுக்கமெல்லாம் அந்தப் பையனுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் இறங்கினான். ஏன்? இறங்காவிட்டால் கடைக்காரருக்குப் பணம் போகும், எனக்குக் கோபம் வரும், இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் விழும். கடலைப் படிக்கத் தெரிந்தவன் கையில் முடிவு இல்லை. காசு கொடுத்தவன் கையிலும் காசு வாங்கியவன் கையிலும் இருந்தது. ஆகவே கரைவழி ஸ்கூபா நடத்தும் ஒவ்வொரு கடையிலும் ஒரு பலகை இருக்க வேண்டும்: பயிற்சியாளர் கரையில் நின்று வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும், அன்றைய கூலியும் அவருக்கு உண்டு என்று.

கட்டுபடியாகாது என்பார்கள். சீசன் சில மாதம்தான், வாடகை, சம்பளம் எல்லாம் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். படகு என்றால் டீசல் போய்விடும், நானும் யோசிப்பேன். கரைவழியில் என்ன செலவாகிவிட்டது? நிரப்பிய சிலிண்டர் நாளைக்கும் நிரம்பித்தானே இருக்கப்போகிறது. அரசு உரிமம் கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக வைத்தால் என்ன குறைந்துவிடும்?

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பையனுக்கு டிப்ஸ் கொடுங்கள். உள்ளே அழைத்துப்போய் மீன் காட்டுகிறவனுக்குக் கொடுப்பதைவிட ஐம்பது ரூபாய் கூடவே கொடுங்கள். என் பையனுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. மறுவருஷம் மகள் விசாரித்தபோது அவன் அந்தக் கடையில் இல்லை.

பழைய மாணவரைத் திரும்பக் கூப்பிட்டேன். எந்த அலைக்கு ரத்து செய்வீர்கள், எந்த வழியாக வெளியே வருவோம், அந்த வழி அடைந்தால் இன்னொரு வழி எது, நாங்கள் உள்ளே இருக்கும்போது கரையில் யார் நிற்பார்கள், ரத்தானால் பணம் வருமா என்று கேட்கச் சொன்னேன். "கடைசிக் கேள்வியக் கேட்டா தப்பா நினைச்சுக்குவாங்களோ சார்?" என்றார். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றேன். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். இதை எழுதும்வரை போன் வரவில்லை.