ஏழு சொம்பும் ஒரு துடுப்பும்

'நீச்சல் தெரியாதவர்களும் வரலாம்.'

இந்த ஒரு வரியில்தான் விழுந்தேன். ஆற்றில் விழுவதற்கு முன்னால் வரியில் விழுந்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

எங்கள் ஆபீஸில் ஐந்து பேர் சேர்ந்து அக்டோபரில் ரிஷிகேஷ் போவதாக ஏற்பாடு. இரண்டு பகல், ஒரு ராத்திரி. ரப்பர் படகில் ஏறி கங்கையின் சுழிப்பிலும் நுரையிலும் குதித்துக் குதித்துப் போக வேண்டும். ராத்திரி கூடாரத்தில் தூக்கம். மறுநாள் மறுபடி படகு. ராஃப்ட்டிங் என்று பெயர். வழிகாட்ட ஒரு கைடு உண்டு. ஐந்து பேரில் நாலு பேருக்கு நீச்சல் தெரியும். ஐந்தாவது ஆசாமி இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறான்.

"லால்குடிங்கிற, கொள்ளிடம் பக்கத்துலயே இருக்குங்கிற, நீச்சல் தெரியாதா உனக்கு?" என்றார் ஹெட்கிளார்க்.

"திருப்பதியில இருக்கறவங்க எல்லாரும் மொட்டையா ஸார்?" என்றேன்.

ஆபீஸ் சிரித்தது. ஆனால் நிஜமான பதில் அது இல்லை. நிஜமான பதில் எங்கள் வீட்டு ஹாலில், சந்தனப் பொட்டும் பிளாஸ்டிக் மாலையுமாக மாட்டியிருக்கிறது. சித்தப்பா. அப்பாவுக்கு நேர் இளையவர். நான் பிறப்பதற்கு முன்னாலேயே கொள்ளிடத்தில் போய்விட்டார். மணல் அள்ளிய பள்ளம். வயசு 19. இன்றைக்குப் போட்டோவில் என்னைவிடச் சின்னப் பையனாக இருக்கிறார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஆறு என்ற வார்த்தைக்கு அர்த்தம், ஐந்துக்கு அடுத்த நம்பர். அவ்வளவுதான். ஆடிப்பெருக்குக்குக்கூட அம்மா கிணற்றடியில் குடம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, சித்ரான்னத்தோடு முடித்துவிடுவாள்.

கொள்ளிடத்தைப் பார்த்தால் அப்படிப் பயப்படத் தோன்றாது. வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். கிரிக்கெட் ஆடலாம். ஆனால் வந்தால் மொத்தமாக வரும். 2018 ஆகஸ்ட்டில் வந்ததே! 1928-ல் கட்டிய திருச்சி பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அன்றைக்கு ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா மட்டும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் படித்தார். முந்தின நாள் பேப்பர்.

* * *

பணம் கட்டிய மறுநாள் ரிஷிகேஷிலிருந்து ஒரு லிஸ்ட் வந்தது. கல்யாணச் சீர் லிஸ்ட் தோற்றுவிடும்.

முதல் அயிட்டம்: பருத்தித் துணி கூடாது. ஜீன்ஸ் கூடவே கூடாது. பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டுக் காயாமல் உடம்பிலேயே உட்கார்ந்துகொள்ளும். சூட்டையும் உறிஞ்சிவிடும். கங்கை பனி உருகி வருகிற தண்ணீர். வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் ஆறு ஃபிரிட்ஜ் மாதிரிதான் இருக்குமாம். ஆகையால் நைலான், பாலியஸ்டர் மாதிரி சீக்கிரம் காய்கிற துணிதான் வேண்டும்.

பெரிய கடைவீதியில் ஒரு கடையில் கேட்டேன். "பருத்தி கலக்காத பேன்ட் இருக்கா?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருஷமா 'சுத்தமான காட்டனா'ன்னு கேக்கறவங்களுக்குப் பொய் சொல்லி வித்துக்கிட்டிருக்கோம். உண்மையச் சொல்லி விக்க இன்னிக்குத்தான் சான்ஸ் குடுத்திருக்கீங்க" என்று இரண்டு ட்ராக் பேன்ட்டை எடுத்துப் போட்டார்.

இரண்டாவது: பின்னால் வார் உள்ள செருப்பு. ஹவாய் செருப்பு ஆகாது. ஆற்றில் நழுவினால் அது ஹவாய்க்கே போய்விடும்.

மூன்றாவது: மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு. எனக்கு பவர் மைனஸ் நாலு. கண்ணாடி போனால் கங்கையும் தெரியாது, கைடும் தெரியாது.

நாலாவது: இரண்டு செட் துணி. ஒன்று நனைவதற்கு, ஒன்று ராத்திரிக்கு. ராத்திரி செட்டை எக்காரணம் கொண்டும் படகில் போடக் கூடாது. ஈரத்தோடு கூடாரத்தில் படுத்தால் காலையில் படகுக்கு ஆள் வராது, தும்மல்தான் வரும். ஸ்வெட்டர், டார்ச், வழக்கமான மாத்திரை எல்லாவற்றையும் தனித்தனியாக இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்ட வேண்டும். மோதிரம், செயின், வாட்ச் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆற்றோரம் மணலில் படுத்து நட்சத்திரம் எண்ணலாம் என்று ஒரு நண்பர் கனவில் இருந்தார். அதில் மட்டும் மண். 2015 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலா - ரிஷிகேஷ் இடையே கங்கைக் கரை மணலில் கூடாரம் போடத் தடை விதித்துவிட்டது. ஆற்றை விட்டுத் தள்ளி, மேட்டில்தான் படுக்கை. நட்சத்திரம் அங்கேயும் அதே எண்ணிக்கைதான் என்று சமாதானம் சொன்னோம்.

* * *

அப்புறம் ஆற்றைப் பற்றிய பாடம். வெள்ளத்தின் முரட்டுத்தனத்தை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். ஒன்று என்பது எங்கள் ஊர் அய்யன் வாய்க்கால். இரண்டு, அதே வாய்க்காலில் ஸ்பீடு பிரேக்கர். மூன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறுவது. நாலு, அதே பஸ்ஸில் கைக்குழந்தையோடும் தகர டின்னோடும் ஏறுவது. ஐந்து, தேர்ந்தவர்களுக்கு. ஆறு, உயிர் மேல் ஆசையில்லாதவர்களுக்கு. நாங்கள் போகிற பகுதியில் பெரும்பாலும் இரண்டு, மூன்று.

சுழிப்புகளுக்குப் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்', 'த்ரீ பிளைண்ட் மைஸ்', 'ரிட்டர்ன் டு செண்டர்'. கடைசிப் பெயரைக் கேட்டதும் ஹெட்கிளார்க் பரவசமாகிவிட்டார். அவருடைய முப்பது வருஷ சர்வீஸே அதுதான். முதல் நாள் கிளம்புகிற இடத்தின் பெயர் மரைன் டிரைவ். பம்பாய் டிக்கெட் போட்டுவிட்டார்களோ என்று ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். அங்கிருந்து சிவ்புரி. மறுநாள் சிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ், சுமார் 16 கிலோமீட்டர்.

படகைப் பற்றியும் விசாரித்தேன். பெரிய டியூப் மாதிரி இருந்தாலும் உள்ளே தனித்தனிக் காற்றறைகள். ஒன்று பஞ்சரானாலும் மற்றவை தாங்கும். கைடு பின்னால் உட்கார்ந்து 'ஃபார்வர்ட்', 'பேக்', 'ஸ்டாப்' என்று கத்துவார். நாம் துடுப்புப் போட வேண்டும். 'கெட் டவுன்' என்றால் படகுக்குள் குந்திக்கொண்டு கயிற்றைப் பிடிக்க வேண்டும். துடுப்பின் மேல்முனைக் கைப்பிடியை மட்டும் எப்போதும் விடக் கூடாது. விட்டால் பக்கத்து ஆளின் பல்லில் இறங்கும். லைஃப் ஜாக்கெட்டின் வாரை, 'மூச்சு விட மட்டும் இடம் இருக்கு' என்கிற அளவுக்கு இறுக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் காது வரை ஏறினால், அது ஜாக்கெட் இல்லை, பொன்னாடை.

"விழுந்துட்டா?" என்று போனில் கேட்டேன்.

மறுமுனையில் இருந்தவர் அமைதியாக, "லேட் ஜாவ்" என்றார். எனக்குக் குழப்பம். லேட்டாகப் போவது ஆபீஸில் பழக்கம்தான், ஆற்றில் எப்படி? அப்புறம்தான் தெரிந்தது, இந்தியில் அதற்கு 'படுத்துக்கொள்' என்று அர்த்தம். மல்லாக்கப் படு. கால் இரண்டையும் தண்ணீர் போகிற திசைக்கு நீட்டி, பாதத்தை மேலே தூக்கி வை. பாறை வந்தால் கால் வாங்கிக்கொள்ளும். எக்காரணம் கொண்டும் நிற்க முயற்சி செய்யாதே. பாறை இடுக்கில் கால் மாட்டினால், பின்னால் வருகிற தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளி அழுத்திவிடும். ஜாக்கெட் மிதக்க வைக்கும், கயிறு வீசுவோம், பிடித்துக்கொள்.

நிற்காதே. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

* * *

இப்போது வீட்டு விவகாரம். ராஃப்ட்டிங் என்று சொன்னால் அம்மா மயங்கி விழுவாள். ஆகவே, "ரிஷிகேஷ் போறேம்மா" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லையே!

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "கங்கையா! இந்த வயசுலயே உனக்குப் புத்தி வந்துதேடா!" அரை மணி நேரத்தில் தெரு முழுக்கச் செய்தி. கோடி வீட்டுப் பாட்டி முதல் ஆளாக ஒரு செப்புச் சொம்போடு வந்தாள். ராத்திரிக்குள் ஏழு சொம்பு. ஏழிலும் கங்கா ஜலம் கொண்டுவர வேண்டும். லிஸ்ட்டில் 'லக்கேஜைக் குறையுங்கள்' என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்கள்.

படுக்கப் போகும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள். "அப்படியே சித்தப்பா பேரைச் சொல்லி ஒரு முழுக்குப் போட்டுட்டு வாடா. ரொம்ப நாளா மனசுல இருக்கு."

எனக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் பூர்த்தி செய்ய வேண்டிய ஃபாரம் வந்தது. பெயர், வயது, இதய நோய் உண்டா, வலிப்பு உண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. 'அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?'

நண்பன் நம்பரைப் போட்டிருக்கலாம். அவனும் அதே படகில் வருகிறான் என்பது ஒரு சிக்கல். இன்னொரு சிக்கல், ஹாலில் மாட்டியிருந்த போட்டோ. இந்த வீட்டுக்கு ஒரு தடவை ஆற்றிலிருந்து திடீர்த் தகவல் வந்தது போதும் என்று தோன்றியது. ஃபாரத்தை அப்பாவிடம் நீட்டிவிட்டேன்.

முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று தயாராக நின்றேன்.

"அவனுக்கு நீச்சல் தெரியும்டா" என்றார். "நான்தான் கத்துக்குடுத்தேன். தெரியுங்கற தைரியத்துலதான், யார் சொல்லியும் கேக்காம, தண்ணி கலங்கி வந்த அன்னிக்கு இறங்கினான்."

அப்பாவுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"உனக்குத் தெரியாது. அதனால சொல்றதைக் கேப்ப. அந்த ஆள் என்ன சொல்றானோ அதை மட்டும் செய்." தன் செல் நம்பரை அந்தக் கட்டத்தில் அவரே எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். கையெழுத்து யாரும் கேட்கவில்லை.

* * *

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுப்பினார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, பெரியப்பா வயலில் உள்ள பம்ப்செட்டுக்குப் போனோம். மார்பளவுத் தொட்டி. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினார். எத்தனை வருஷம் கழித்தோ! ஒரு நிமிஷம் சும்மா நின்றார். அப்புறம் என் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, "மல்லாக்கப் படு. கால நீட்டு. கழுத்தை விறைக்காத" என்றார்.

ரிஷிகேஷ்காரர் சொன்ன அதே பாடம், தமிழில்.

முதல் நாள் அரை லிட்டர் குடித்தேன். மூன்றாம் நாள் கால் லிட்டர். ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்தபோது மேலே தென்னை மட்டை தெரிந்தது. அப்பாவின் கை எங்கே என்று தேடினேன். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். உடனே முழுகிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

அம்மாவுக்கு அப்பாதான் சொன்னார். சமையலறையில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அரை மணி நேரம் குக்கர்கூட விசில் அடிக்கவில்லை. வெளியே வந்த அம்மா, "சொம்பு ஏழும் எடுத்துட்டுப் போறதானே?" என்று மட்டும் கேட்டாள்.

நாளை சென்னை போய் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். பெட்டி கட்டியாயிற்று. கண்ணாடிக்கு அப்பா பம்பரக் கயிறு வாங்கி வந்து கட்டிக் கொடுத்திருக்கிறார். மூன்று முடிச்சு.

அம்மா சொன்ன முழுக்கை, படகை விட்டு இறங்கியதும் ரிஷிகேஷ் படித்துறையில், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போடுவதாகத் தீர்மானம். அதற்கு முன்னாலேயே, நடு ஆற்றில், கேட்காமலே நடந்துவிட்டால் அதையும் சித்தப்பா கணக்கிலேயே எழுதிக்கொள்ளட்டும்.

அடுத்த வாரம் இந்தப் பக்கத்தில் நான் இருந்தால் திரும்பி வந்துவிட்டேன் என்று அர்த்தம். இல்லாவிட்டாலும் பதற வேண்டாம். ஆசிரியர் என் கட்டுரையை 'ரிட்டர்ன் டு செண்டர்' செய்திருப்பார்.