எஞ்சினும் துருவும்

அமெரிக்காவில் பழைய மோட்டார் வண்டிகளின்மீது மோகம் கொண்டவர்களிடம் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. விற்பனைக்கு நிற்கும் வண்டியை நெருங்கியதும் முதலில் பானெட்டைத் தூக்கச் சொல்வார்கள். எத்தனை கன அங்குலம், எத்தனை குதிரைச் சக்தி, கார்புரேட்டர் ஒன்றா மூன்றா என்றெல்லாம் விசாரித்து, எஞ்சின் உறுமுவதைக் கேட்டுப் பரவசமடைந்து, விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். உடுப்பு அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் தரையில் படுத்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பவர்கள் மிகச் சொற்பம். அறுபதுகளில் டெட்ராயிட் கம்பெனிகள் தயாரித்த, மஸில் கார் எனப்படும் பெரிய எஞ்சின் வண்டி ஒன்றைச் சிதைந்த நிலையில் வாங்கி ஜீர்ணோத்தாரணம் செய்யலாமா என்று ஒருவர் யோசிக்கும்போது, அந்த எஞ்சினுக்கு அவர் கடைசி ஸ்தானத்தையே அளிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எஞ்சினிடம் இந்த மயக்கம் ஏற்பட்டதற்குச் சரித்திர காரணம் இல்லாமல் இல்லை. நடுத்தர அளவுள்ள வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் விதி வகுத்திருந்த காலத்தில், அதன் பான்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும், அந்த விதி புது மாடலுக்குத்தானே, விருப்பப்பட்டவர்கள் கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் சாமான்களுக்கு அல்லவே என்று சாமர்த்தியமாக வியாக்கியானம் செய்து, 389 கன அங்குல எஞ்சினை டெம்பஸ்ட் என்ற சாதுவான குடும்ப வண்டிக்குள் ஏற்றி, ஜி.டி.ஓ. என்று நாமகரணம் செய்து 1964-ஆம் வருஷத்தில் விற்றார்கள். ஐயாயிரம் போனால் போதும் என்று கம்பெனி எதிர்பார்த்திருக்க, 32,450 வண்டிகள் விற்றுப்போயின. மற்றக் கம்பெனிகளும் போட்டியில் குதித்தன. இன்ஷூரன்ஸ் கட்டண உயர்வும், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1973-ஆம் வருஷத்து எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து பத்தே வருஷத்தில் அந்த ஆட்டத்தை முடித்துவைத்தன. ஆகவே எஞ்சின்தான் இந்த வண்டிகளின் கீர்த்திக்கு மூலகாரணம் என்பதில் ஆட்சேபணை இல்லை.

ஆனால் கீர்த்தி வேறு, பழுதுபார்க்கும் செலவு வேறு. வார்ப்பிரும்பில் செய்த அந்த எட்டு சிலிண்டர் எஞ்சினைப் போல எளிதில் சீராகும் யந்திரம் அபூர்வம். பிஸ்டன் முதல் வால்வு வரையில் புதிய பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு 1996-இல் அடியோடு நின்றுபோனதால் வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றினால் நல்லது என்பதற்கு மேல் அதில் பெரிய சங்கடம் ஏதுமில்லை. பணத்தை விழுங்குவது தகடு. அதிலும் ஃபோர்டு மஸ்டாங் போன்ற வண்டிகளுக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. உடலே எலும்பாகவும் இருப்பதால், தரைத்தகடு அரித்துப்போனால் வண்டியின் பலமே போய்விடுகிறது. முன்கண்ணாடிக்கு அடியில் காற்று நுழைவதற்காக அமைத்த அறைக்குள் இலைச்சருகு தேங்கி, ஈரம் தங்கி, கண்ணுக்குத் தெரியாமலே தகடு ஓட்டையாகியிருக்கும். விஷயம் தெரிந்தவர் அங்கே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது ஓட்டுபவரின் காலடியில் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். இதற்கு விற்பவர் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பே போதிய விடை. ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதும் உசிதம். பளபளக்கும் பெயிண்டுக்கு அடியில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டி பூசியிருக்கும் இடங்களில் அது ஒட்டாமல் நழுவிவிடும்.

வண்டி எந்த ஊரில் வாழ்ந்தது என்ற கேள்வி இதனால்தான் பிரதானமாகிறது. பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ போன்ற பிரதேசங்களில் அறுபது குளிர்காலங்களைக் கண்ட வண்டியும், அரிஸோனாவின் பாலைவெயிலில் ஆசனமும் ரப்பரும் தீய்ந்து கிடக்கும் வண்டியும் தோற்றத்தில் ஒரே தரித்திர நிலையில் இருக்கலாம். முன்னதைவிடப் பின்னதற்கு இரண்டு மடங்கு விலை கேட்டாலும் கொடுக்கலாம் என்பேன். ஆசனத்தைத் தைத்துவிடலாம். டிங்கரிங், வெல்டிங், பெயிண்டிங் என்று முழு வேலையும் தேர்ந்த பட்டறை ஒன்றில் நடந்தால் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். மணிக்கு நூறு டாலர் கூலி என்று வைத்தாலும் லட்சம் டாலர் ஆகிறது. முடிந்த வண்டி அந்த விலைக்குப் போகுமா என்று கேட்டால், பெரும்பாலான மாடல்களுக்குப் போகாது. இதை முதலீடு என்று சொல்லி மனைவியைச் சமாதானம் செய்பவர்கள், முதலில் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

அபூர்வ வண்டியானால் லாபம் வராதா என்று கேட்கலாம். வரும், அது மெய்யாகவே அபூர்வமானதாக இருந்தால். 1964, 1965 மாடல் ஜி.டி.ஓ.க்களில் தொழிற்சாலை பொறித்த வண்டி எண்ணில் அது ஜி.டி.ஓ. என்பதற்கான அடையாளமே கிடையாது. லெமான்ஸ் ரகத்தைச் சேர்ந்த எட்டு சிலிண்டர் டெம்பஸ்ட் வண்டிக்குப் பெரிய எஞ்சினையும் பெயர்ப் பட்டையையும் மாட்டிவிட்டால் எண்ணைக் கொண்டு பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற ஸ்தாபனத்திடம் வண்டிவாரியாக அக்காலத்து விற்பனைப் பட்டியல் பிரதிகள் இருக்கின்றன. அந்தப் பிரதியைப் பெறாமல் ஜி.டி.ஓ. விலை கொடுப்பது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம். மாறாக, ஜி.டி.ஓ. வேஷம் போடாத, துருப்பிடிக்காத அசல் டெம்பஸ்ட் ஒன்று கிடைத்தால், அதே உடல், அதே காலத்துக் காற்று, பாதி விலை. நான் சிபாரிசு செய்வது அதைத்தான்.

பழுதானதையெல்லாம் புதுப்பித்தே தீர வேண்டும் என்ற அவசரத்தையும் நான் ஏற்கவில்லை. ‘புல்லிட்’ என்ற சினிமாப் படத்தில் நடிகர் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங்கை 1974-இல் சுமார் 6,000 டாலருக்கு ஒரு குடும்பம் வாங்கி, வீட்டு உபயோகத்துக்கே ஓட்டியது. 1977-இல் மக்வீனே திருப்பிக் கேட்டும் கொடுக்கவில்லை. பிற்காலத்தில் யந்திரத்தை ஓடும்படி செய்தார்களே தவிர, மங்கிய பெயிண்டையும் நசுங்கல்களையும் அப்படியே விட்டுவைத்தார்கள். 2020 ஜனவரியில் புளோரிடாவில் நடந்த ஏலத்தில் அது 37 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்திருந்தால் அந்தப் படத்தின் தழும்புகளும் சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும்.

கடைசியாக, யாரோ தொடங்கி உத்ஸாகம் வற்றிக் கைவிட்ட வண்டிகள். உடல் ஒருபுறமும், பாகங்கள் பல அட்டைப் பெட்டிகளிலுமாக மலிவு விலைக்கு வரும் இவற்றைப் ப்ராஜெக்ட் கார் என்கிறார்கள். ‘எல்லாம் இருக்கிறது’ என்று விற்பவர் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்வதில்லை, மறந்திருக்கிறார். கண்ணாடியைச் சுற்றி ஓடும் குரோமியப் பட்டையும் டிக்கியின் பூட்டும் எந்தப் பெட்டியிலும் இரா. பெட்டிகளை அவர் எதிரிலேயே பிரித்து, ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு, இல்லாதவற்றின் விலையைக் கழித்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். அதற்கு அவர் இணங்காவிட்டால், வண்டியை அவரிடமே விட்டுவிட்டு வந்துவிடலாம்.