‘ஹெல்தி’ ஹார்ட் குக்கீ என்று ஒன்று கிடையாது

1/
பிப்ரவரி பொறந்ததும் ஆரம்பிச்சிடும். ஃபோனைத் திறந்தா ஹார்ட் வடிவ குக்கீ, மேலே ரோஸ் கலர் ஃப்ராஸ்டிங், பின்னாடி ஒரு பாட்டு. காதலர் தினத்துக்கு வீட்டிலேயே பத்தே நிமிஷத்துல செய்யலாம்னு ஒரு ரீல். பார்க்க அழகாத்தான் இருக்கு. அதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

வீடியோவுக்குக் கீழே இருக்கும் அந்த வரிதான் பிரச்சினை. "மைதா இல்லை, வெள்ளைச் சர்க்கரை இல்லை. சுகர் உள்ளவங்களும் பயமில்லாம சாப்பிடலாம்."

இந்த இழை அந்த ஒரு வரிக்கு எதிரானது. நீளமா இருக்கும். பொறுமையா படிங்க.

2/
ஏன் இவ்வளவு கோபம்னு முதல்ல சொல்லிடறேன். ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

எங்க ஓபிக்கு ஒரு தம்பதி மாசா மாசம் மாத்திரை வாங்க வருவாங்க. கணவருக்கு நாற்பதைத் தாண்டின வயசு, நாலு வருஷமா சர்க்கரை. எச்பிஏ1சி 7.2-ல நல்லா கட்டுப்பாட்டில் இருந்தவர். ஏப்ரல் கடைசியில பார்த்தா 9.4.

3/
மாத்திரை நிறுத்தினீங்களா? இல்லை சார். நடைப்பயிற்சி? போறேன் சார். ஜூஸ், பழம், இனிப்பு? எதுவுமே இல்லை சார்.

பக்கத்துல உட்கார்ந்திருந்த மனைவி மெதுவா சொன்னாங்க: "அந்த கோதுமை பிஸ்கட் மட்டும்தான் சார். அது ஹெல்தி. நாட்டுச்சர்க்கரைதான் போடுவேன்."

4/
காதலர் தினத்துக்கு ஒரு ரீல் பார்த்துச் செஞ்சிருக்காங்க. அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சர்க்கரை வந்ததிலிருந்து வீட்ல இனிப்பே செய்யாத மனுஷிக்கு, கணவர் ஆசையா ஏதோ ஒண்ணு சாப்பிடறதைப் பார்த்ததும் சந்தோஷம். அதனால வாரா வாரம் ஒரு டப்பா. அவர் ஒரு நாளைக்கு அஞ்சாறு சாப்பிடுவார்.

கணக்கைச் சொன்னதும் அந்த அம்மா அழுதுட்டாங்க. "அப்போ நான்தான் இவருக்கு விஷம் வெச்சேனா சார்?"

5/
இல்லைம்மா. நீங்க வெச்சது பிரியம். அதுல பொய்யைக் கலந்தது வேற ஆள். அந்த ஆளுக்கு லட்சக்கணக்குல வியூஸ் போயிருக்கும். பில் மட்டும் உங்க வீட்டுக்கு வந்திருக்கு.

6/
சரி, கணக்குக்கு வருவோம். கிச்சன்ல தராசு இருந்தா நீங்களே சரிபார்க்கலாம்.

சாதாரண ஃப்ராஸ்டட் குக்கீ, 24 எண்ணம்:
மைதா 200 கிராம்
வெண்ணெய் 120 கிராம்
பொடிச்ச சர்க்கரை 80 கிராம்
மேலே தடவ: ஐசிங் சுகர் 150 கிராம், வெண்ணெய் 50 கிராம், பால் ஒண்ணு ரெண்டு ஸ்பூன்

7/
மொத்த சர்க்கரை 230 கிராம். 24-ஆல வகுத்தா ஒரு குக்கீக்கு 9.6 கிராம். அதாவது தலை தட்டின ரெண்டு டீஸ்பூன். வெண்ணெய் 7 கிராம். எல்லாம் சேர்ந்து ஒரு குக்கீக்கு 120 கலோரிக்குப் பக்கம்.

கவனிங்க: சர்க்கரையில் முக்கால்வாசிக்கு கொஞ்சம் கம்மி, மேலே தடவுற அந்த ரோஸ் கலர் பூச்சில இருக்கு. குக்கீயில் இல்லை.

8/
இப்போ 'ஹெல்தி' வெர்ஷன். மைதாவுக்குப் பதில் கோதுமை. சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை. வெண்ணெய்க்குப் பதில் "சுத்தமான நெய்". அளவு அதே.

வெண்ணெயில் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். நெய் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. நாட்டுச்சர்க்கரையில் கலோரி குறைவுன்னு சொல்ல பெருசா ஒண்ணுமில்லை. கூட்டிப் பார்த்தா ஒரு குக்கீ சுமார் 130 கலோரி.

9/
ஆமாம். 'ஹெல்தி' குக்கீதான் கலோரி கூடுதல்!

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. சர்க்கரை போட்ட குக்கீன்னு தெரிஞ்சா ஒரு சுகர் பேஷன்ட் ஒண்ணு எடுத்துட்டு கையை நிறுத்துவார். 'ஹெல்தி'ன்னு சொன்னா ஆறு எடுப்பார். ஆறு குக்கீ பன்னிரண்டு டீஸ்பூன் இனிப்பு. அந்த ஒரு வார்த்தைதான் 7.2-ஐ 9.4 ஆக்குது.

10/
"டாக்டர், நாட்டுச்சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரையும் ஒண்ணா?"

உங்க நாக்குக்கு வேற. உங்க கணையத்துக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாத்துலயும் பெரும்பகுதி சுக்ரோஸ். குடல்ல அது குளுக்கோஸா, ஃப்ரக்டோஸா உடையும். ரத்தத்துல ஏறுற குளுக்கோஸ் கிட்ட "நீ கரும்பா, பனையா"ன்னு உடம்பு கேட்காது.

11/
"அதுல இரும்புச்சத்து இருக்கே!"

இருக்கு. மறுக்கல. ஆனா ஒரு குக்கீயில் வர்ற பத்து கிராம் நாட்டுச்சர்க்கரையில, தாராளமா கணக்குப் போட்டாலும் ஒரு மில்லிகிராம் வந்தா அதிகம். ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி வயது வந்த ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேணும். குக்கீ தின்னு ரத்தசோகையைச் சரி பண்ணணும்னா, அதுக்கு முன்னாடி சர்க்கரை நோய் வந்துடும். முருங்கைக்கீரை, ஈரல், சுகாதார நிலையத்துல இலவசமா தர்ற இரும்பு மாத்திரை, இதுதான் வழி.

12/
"மைதால அலாக்சன் இருக்கு, அது கணையத்தை அழிச்சிடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?"

அலாக்சன் ஆய்வகத்துல எலிக்கு ஊசி போட்டு சர்க்கரை நோய் வரவழைக்கப் பயன்படுத்துற ரசாயனம். அதுவரைக்கும் உண்மை. மைதா சாப்பிட்டதால, அதிலிருக்கும் அலாக்சனால மனுஷனுக்கு சர்க்கரை நோய் வந்ததுன்னு ஆதாரம் கிடையாது. மனிதக் கணையத்தின் பீட்டா செல்கள் எலியோட செல்கள் மாதிரி அலாக்சனுக்கு எளிதில் மடங்காது.

மைதாவோட குறை சாதாரணமானது: நார்ச்சத்து ரொம்பக் குறைவு, வேகமா ஜீரணமாகி சர்க்கரையை ஏத்தும். தினம் மூணு பரோட்டா தின்கிறவர் பயப்படணும். வருஷத்துல ஒரு நாள் ரெண்டு குக்கீ தின்கிறவருக்கு அலாக்சன் கதை தேவையில்லை.

13/
கோதுமை மாவுல நார்ச்சத்து கூடுதல், சரி. அதோட ருசி பிடிச்சா தாராளமா அதுலயே செய்யுங்க. ஆனா அதே அளவு இனிப்பையும் கொழுப்பையும் போட்டுட்டு, கோதுமையை முன்னாடி நிறுத்தி "சுகர் ஃப்ரெண்ட்லி"ன்னு சொல்லாதீங்க.

14/
விக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி 'சுகர் ஃப்ரீ'ன்னு எழுதணும்னா 100 கிராம் பொருள்ல சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டக்கூடாது. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'ன்னு எழுதணும்னா எந்த வகைச் சர்க்கரையும் சேர்த்திருக்கக் கூடாது. தேன் ஊத்திட்டு, நாட்டுச்சர்க்கரை கொட்டிட்டு அந்த வரியை ஸ்டிக்கர்ல ஒட்டறது விதிமீறல்.

வீட்டுல இருந்து பேக் பண்ணி விக்கிற பெண்கள் உழைச்சு சம்பாதிக்கறாங்க, அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. அதனாலதான் கேட்கிறேன். "சர்க்கரை, வெண்ணெய் போட்டது, ருசியா இருக்கும்"னு எழுதி வித்தா யார் வாங்க மாட்டேன்னு சொன்னா?

15/
ரோஸ் கலர் பத்தியும் பேசணும். 2024 பிப்ரவரியில, சரியா காதலர் தினத்தை ஒட்டி, நம்ம மாநிலத்துல பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கா? அதுல ரோடமின் பி இருந்தது ஆய்வுல தெரிஞ்சது. துணிக்குப் போடற சாயம் அது. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் புதுச்சேரியிலும் தடை போட்டாங்க.

16/
பளிச்னு கண்ணைப் பறிக்கிற ரோஸ் கலர் வேணும்னு பாத்திரக் கடையிலயோ சந்தையிலயோ லூஸா விக்கிற பொடியை வாங்காதீங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் அச்சடிச்ச சின்ன பாட்டில் வாங்குங்க, ரெண்டு சொட்டு போதும்.

இல்லைன்னா அரை பீட்ரூட்டைத் துருவிப் பிழிங்க. ஒரு டீஸ்பூன் சாறு மேலே சொன்ன ஃப்ராஸ்டிங்குக்குப் போதும். அதை அடுப்புல வைக்கறது இல்லைங்கறதால நிறம் மங்காது. அந்த அளவுல பீட்ரூட் வாசனையும் தெரியாது.

17/
இப்போ உங்களுக்கு சந்தேகம் வரும். இந்த டாக்டர் குக்கீயே செய்யாதேன்னு சொல்றாரா?

இல்லவே இல்லை. செய்யுங்க. நல்லா செய்யுங்க. வெண்ணெய்க்குக் காசு பார்த்து வனஸ்பதி பக்கம் போகாதீங்க. செய்முறை இதோ, ஒளிவு மறைவு இல்லாம:

18/
வெண்ணெய், பொடிச்ச சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அரை ஸ்பூன் வெனிலா எசன்ஸ், நல்லா குழைங்க. மைதாவைச் சலிச்சுப் போட்டு ஒண்ணு சேர்ந்தா போதும், சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையாதீங்க. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. கால் இன்ச் கனத்துக்குத் தேய்ச்சு, சின்ன ஹார்ட் கட்டர்ல வெட்டுங்க. கட்டர் இல்லையா, கத்தியால வெட்டுங்க. கோணலா இருந்தா இன்னும் அழகு.

19/
ஓடிஜி-ன்னா 170 டிகிரியில 12 நிமிஷம். இல்லாதவங்க அடிகனமான கடாயில உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்ட் வெச்சு, மூடி பத்து நிமிஷம் சூடாக்கி, சிறு தீயில 15 முதல் 20 நிமிஷம். ஓரம் லேசா சிவந்தா எடுத்துடுங்க. தொட்டா மெத்துனு இருக்கும், ஆறினா இறுகிடும்.

முழுசா ஆறின அப்புறம்தான் ஃப்ராஸ்டிங். நம்ம ஊர் வெயிலுக்கு அது உருகி ஓடும், ஃப்ரிட்ஜ்ல வைங்க. பச்சை மாவை குழந்தைங்க வழிச்சுத் தின்ன விடாதீங்க. வேகாத மாவுலயும் கிருமி இருக்கலாம்.

20/
சர்க்கரையைக் குறைக்கணுமா? நாடகம் ஆடாம குறைக்க வழி இருக்கு. ஃப்ராஸ்டிங்கை முழுசா பூசாம நடுவுல ஒரு சின்னப் பொட்டு மட்டும் வைங்க. 150 கிராம் ஐசிங் சுகர் 50 கிராமாகும், வெண்ணெயும் அதே மாதிரி குறையும். ஒரு குக்கீக்கு சர்க்கரை 9.6-ல இருந்து 5.4 கிராம். எந்த நாட்டுச்சர்க்கரையாலயும் முடியாததை ஒரு ஸ்பூன் செஞ்சிடும்.

21/
இனிப்புக்கு எல்லை எது? கூடுதலா சேர்க்கிற சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25 கிராமுக்குள்ள இருக்கட்டும்ங்கறது உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு. வெல்லமும் தேனும் அந்தக் கணக்குல அடக்கம். முழு ஃப்ராஸ்டிங்கோட ரெண்டு குக்கீ 19 கிராம். அன்னைக்கு டீயில சர்க்கரையை விட்டுடுங்க, முடிஞ்சது.

22/
சர்க்கரை நோய் இருக்கிறவங்க: கட்டுப்பாட்டில் இருந்தா, பொட்டு வெச்ச குக்கீ ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம், சோறை ஒரு கரண்டி குறைச்சுக்கிட்டு. அன்னைக்கு மட்டும். குக்கீ சாப்பிட்டோமேன்னு மாத்திரையோ இன்சுலினோ நீங்களா கூட்டாதீங்க. சர்க்கரை எகிறியிருக்கற நேரம்னா இந்த வருஷம் வேண்டாம், உங்க டாக்டரைக் கேளுங்க.

23/
ஐசிஎம்ஆர் 2023-ல வெளியிட்ட ஆய்வுப்படி நாட்டுல 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய். உங்க ரீலைப் பார்க்கிற கூட்டத்துல அவங்களும் இருக்காங்க, அவங்களுக்காக ஆசையா சமைக்கிறவங்களும் இருக்காங்க. "சுகர் உள்ளவங்களும் சாப்பிடலாம்"னு டைப் பண்றதுக்கு முன்னாடி அதை ஒரு நிமிஷம் யோசிங்க. அது ஒரு மருந்துச்சீட்டு. அதை எழுதற தகுதி உங்களுக்கு இல்லை.

24/
அந்த தம்பதி கதை முடியலை. ஆகஸ்ட்ல திரும்ப வந்தாங்க. எச்பிஏ1சி 7.6. இறங்கிட்டு வருது. அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாங்க, "சார், அவர் பொறந்தநாளுக்கு ஒரே ஒரு தடவை செய்யலாமா?"

செய்யுங்கம்மா. வெள்ளைச் சர்க்கரை போட்டே செய்யுங்க. அவருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, மீதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடுங்க. அது ஹெல்தின்னு மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க.

25/
உங்க வீட்டு குரூப்ல அந்த மாதிரி ரீல் வந்தா, இந்த இழையைப் பதிலா போடுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓபி முடிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்.

இனிப்பான பிப்ரவரி 14 வாழ்த்துகள்.