பாராடாங் சாலையில் எங்களுக்கும் கொஞ்சம் இடம்

மாண்புமிகு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் துணைநிலை ஆளுநர் அவர்களுக்கு,



பாராடாங் தீவின் நிலம்பூரிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். ஞாயிறு விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெட்டி முனையில் சேர்ந்து, வெயில் ஏறுவதற்குள் ஊர் சுற்றித் திரும்பும் ஒரு கூட்டம் எங்களுடையது. சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. சந்தா கிடையாது, ஒரே மாதிரிச் சட்டையும் கிடையாது. டிங்கி ஓட்டுகிறவர் வருவார், வாத்தியார் வருவார், டீக்கடைக்காரர் மகன் வருவான், வனத்துறையில் தினக்கூலிக்குப் போகிறவரும் வருவார். தமிழ், வங்காளம், மலையாளம், ராஞ்சிக்காரர்களின் சாத்ரி என்று ஆளுக்கொரு மொழியில் ஆரம்பிக்கும் பேச்சு, கடைசியில் அந்தமான் இந்தியில் வந்து நிற்கும். யாரும் யாரையும் முந்தப் பார்ப்பதில்லை. ஒருவருக்குச் செயின் கழன்றால் எல்லோரும் நிற்பார்கள். மேட்டில் மூச்சு வாங்கி இறங்கித் தள்ளுகிறவரோடு இன்னொருவரும் இறங்கித் தள்ளுவார். பந்தயமோ பயிற்சியோ இல்லை. நண்பர்கள் சேர்ந்து போவது, அவ்வளவுதான். அதற்கு இந்தத் தீவில் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். பாராடாங்கின் கடிகாரம் ஜிர்காடாங்கில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அங்கிருந்து வண்டிகள் வரிசையாகச் சேர்ந்து போகும் முதல் கான்வாய் கிளம்புகிறது. ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டைக் கடந்து, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வாகனப் படகு ஏறி, நிலம்பூரில் இறங்கும்போது மணி ஏழரை, எட்டு ஆகிவிடும். அதற்குப் பிறகு இது வேறு ஊர். சுண்ணாம்புக் குகைக்கு டிங்கி ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், ஜல்கி என்கிற சேற்று எரிமலையைப் பார்க்க ஜீப் தேடுகிறவர்கள் ஒரு பக்கம். வந்தவர்கள் எல்லோரும் மத்தியானக் கான்வாயைப் பிடித்துத் திரும்பியாக வேண்டும். அதைத் தவறவிட்டால் இரவு தங்க வேண்டியதாகிவிடும் என்ற பதற்றம் டிரைவரின் காலில் இறங்குகிறது. வளைவில் ஹார்ன் மட்டும் முதலில் வரும், பின்னாலேயே வண்டி வரும். சைக்கிள்காரன் ஓரத்துப் புதரில் இறங்கி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. மழை பெய்த நாளாக இருந்தால் அந்த ஓரமும் சேறுதான்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் நண்பர்களில் பாதிப் பேர் வீட்டு அடுப்பு அந்தக் கான்வாயில் வருகிறவர்களால்தான் எரிகிறது. நான் கேட்பது அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தை. கிழக்கே இவ்வளவு தள்ளி இருந்துகொண்டு டெல்லி நேரத்தில் வாழ்கிற தீவு இது. ஐந்து மணி வாக்கிலேயே இங்கே வெளிச்சம் வந்துவிடுகிறது, சில மாதங்களில் அதற்கும் முன்பே. ஐந்திலிருந்து எட்டு வரை சாலையில் சுற்றுலா வண்டி இல்லை. ஆனால் நெடுஞ்சாலை வேலைக்கு ஜல்லியும் மணலும் ஏற்றிய லாரிகள் அந்த நேரத்தில்தான் வேகமெடுக்கின்றன. வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிறு மட்டும், முதல் கான்வாய் வந்து சேரும்வரை லாரிகளை நிறுத்தி வைக்கச் சொன்னால் போதும். ஆம்புலன்ஸும் பஸ்ஸும் வழக்கம்போல ஓடட்டும். குகைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று வைத்திருக்கிறோம் அல்லவா, அன்று குகைக்கும் சதுப்புநிலக் காட்டுக்கும் ஓய்வு கிடைக்கிறது. அதே நியாயத்தில் சாலைக்கும் வாரத்தில் சில மணி நேரம் கிடைக்கட்டும்.

நாங்கள் போகும் வழிகளைத் தாங்கள் காரிலிருந்து பார்த்திருக்க முடியாது. நிலம்பூரிலிருந்து பாலுடேரா கடற்கரை ஒன்பது கிலோமீட்டர். அடஜிக், சுந்தர்கட், ஓரல்கச்சா பக்கம் போனால் பாக்குத் தோப்பும் வாழையும் வயலுமாக இருக்கும். இந்த ஊர்களில் பலவும் சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ராஞ்சிக்காரக் குடும்பங்கள் உழைத்து உண்டாக்கியவை. அவர்கள் 1918 வாக்கிலிருந்தே இந்தத் தீவுகளுக்கு வரத் தொடங்கியவர்கள். மரம் வெட்டி யானையை வைத்து இழுத்த காலத்தில் போட்ட பாதைகள் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் 2002 உத்தரவுக்குப் பிறகு மர வெட்டு வெகுவாகக் குறைந்தது. அதனால் அந்தப் பாதைகளில் லாரி இல்லை, ஆளும் அதிகமில்லை. மேலே கர்ஜன் மரம் வானத்தை மூடியிருக்கும், கீழே இலை மெத்தை. சைக்கிளுக்கென்றே போட்டது போன்ற பாதைகள் அவை.

ஆனால் அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாராடாங்கின் களிமண் நனைந்தால் டயரை விடாது. ஒரு சுற்றுக்கு ஒரு பூச்சு என்று ஏறி ஏறி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். பிறகு சக்கரம் சுழலாது, பிரேக் பிடித்ததுபோல் வண்டி நின்றுவிடும். மூங்கில் குச்சி ஒடித்து, உட்கார்ந்து, நோண்டி எடுக்க வேண்டும். அதனால் எங்களில் பலர் மட்கார்டையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டார்கள். முதுகெல்லாம் சேறு தெறித்தாலும் பரவாயில்லை என்று. பக்கத்தில் க்ரீக் இருக்கிறதே, இறங்கிக் கழுவிக்கொள்ளலாமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். உப்புநீர் முதலை இருக்கும் தண்ணீர் அது. சேற்றோடு வீட்டுக்குப் போவதுதான் எங்கள் வழக்கம். ஓடைகளின் மேல் போட்டிருந்த மரப்பாலங்களில் பல உளுத்துவிட்டன. ஒரு கட்டை புதிதாக இருக்கும், பக்கத்துக் கட்டை காலை வைத்தால் உள்ளே போகும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, குறுக்குக் கட்டையில் அடி பார்த்துப் பார்த்துக் கடக்கிறோம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அப்படித்தான் கடக்கிறார்கள் என்பதால் இது எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை மட்டுமல்ல.

இன்னொரு சிக்கல், இந்தப் பாதையில் போகலாமா கூடாதா என்பதற்கு எழுத்தில் எதுவும் எங்கள் கையில் இல்லை. ஒருநாள் காவலில் இருப்பவர் சிரித்துக்கொண்டே போகச் சொல்வார், இன்னொருநாள் வேறொருவர் நிறுத்திப் பெயர் எழுதிக்கொள்வார். இருவர் மேலும் எனக்குக் குறையில்லை, அவர்களுக்கும் தெளிவான உத்தரவு வேண்டும். எந்தப் பாதை திறந்தது, எது மூடியது, எந்த மாதம், எந்த நேரம், எத்தனை பேர் சேர்ந்து போகலாம் என்று வனத்துறை ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். அதில் மூடியது என்று எழுதியிருக்கும் பாதையில் நாங்கள் சக்கரம் வைக்க மாட்டோம்.

மூட வேண்டிய இடத்தை மூடத்தான் வேண்டும் என்பதை ஜல்கி விஷயத்தில் கண்கூடாகப் பார்த்தோம். 2025 அக்டோபர் 2 மத்தியானம் பெரிய சத்தத்தோடு சேற்று எரிமலை பொங்கியது. மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்கு மண் மேடு எழும்பி, சுற்றிலும் சேறு பரவிற்று. அந்தப் பக்கம் போவதை நிர்வாகம் நிறுத்தியது, சரியான முடிவு. 2004 டிசம்பர் பூகம்பத்துக்குப் பிறகும் அது பொங்கியதைப் பார்த்த பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பூமி குமுறும்போது விலகி நிற்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி நான் சொல்லப்போவது, இந்த மடலில் எனக்கு மிக முக்கியமானது.

மெயின்லேண்டிலிருந்து நல்ல சைக்கிளோடு வருகிற இளைஞர்கள் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி, தலைநகரிலிருந்து டிக்லிபூர் வரை அந்தமான் டிரங்க் ரோடு முழுவதையும் சைக்கிளிலேயே போக முடியாதா என்பதுதான். அதற்கு அனுமதி வாங்கித் தரச் சொல்லி மனு கொடுக்கலாம் என்றும் சிலர் யோசனை சொல்கிறார்கள். அப்படி ஒரு மனு தங்கள் மேசைக்கு வந்தால் தயவுசெய்து நிராகரியுங்கள். சைக்கிள்காரர்களான நாங்களே கேட்டுக்கொள்கிறோம். ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரையுள்ள காடு ஜாரவாக்களின் வீடு. 1956-ஆம் ஆண்டின் பழங்குடி பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குக் காவல் நிற்கிறது. அந்தப் பகுதியில் சாலையையே மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் உத்தரவிட்டது. இன்றுவரை அது மூடப்படவில்லை. ஜாரவாக்கள் 1990-களின் கடைசியில் வெளியாரோடு பழகத் தொடங்கினார்கள், 1999-இல் தட்டம்மை அவர்களைத் தாக்கியது. சில நூறு பேரே உள்ள மக்கள். நமக்கு நான்கு நாள் காய்ச்சலாக வந்துபோவது அவர்களுக்கு ஒரு தலைமுறையையே கொண்டுபோகக்கூடும். சுற்றுலாக்காரர்கள் அவர்களை ஆடவைத்துப் படம் பிடித்த கேவலம் 2012-இல் உலகம் முழுக்கத் தெரிந்தது. வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களாலேயே இவ்வளவு என்றால், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில், தண்ணீர் குடிக்க நின்று நின்று போகிற சைக்கிள் கூட்டம் அங்கே என்ன செய்யும்? சைக்கிள் புகை விடாது, சத்தம் போடாது என்பதெல்லாம் உண்மை. அந்த உண்மை அந்தக் காட்டுக்குள் நுழைவதற்கு உரிமைச் சீட்டு ஆகாது. எங்கள் சைக்கிள்களுக்கு நிலம்பூர் ஜெட்டிதான் தெற்கு எல்லை.

இனி வடக்குப் பக்கம். காந்தி காட் ஜெட்டிக்கு அப்பால் ஹம்ப்ரி ஸ்ட்ரெய்ட்டின் மேல் இப்போது ஆசாத் ஹிந்த் ஃபவுஜ் பாலம் இருக்கிறது. ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்தப் பாலம் இல்லாத காலத்தில் வாகனப் படகுக்குக் காத்திருந்த நேரத்தை நினைத்தால், அதைக் கட்டியவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அகலமாகும் தேசிய நெடுஞ்சாலையில் ஓரம் என்ற ஒன்று சைக்கிளுக்கு வேண்டும். தாருக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு மீட்டர் கெட்டிப்படுத்திய மண் போதும். சாலை போட்டு முடித்த பிறகு அதைக் கேட்டால் நிதி இல்லை என்பார்கள், இப்போது கேட்டால் ஒரு வரைபடத் திருத்தம்.

சைக்கிள் இந்தத் தீவுகளுக்குப் புதிதில்லை. கார் நிக்கோபாரில் சுனாமி அலையில் சிக்கி, ஒன்பது வயதில் மரத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்த டெபோரா ஹெரால்ட் பிறகு இந்தியாவின் முன்னணி டிராக் சைக்கிள் வீராங்கனை ஆனார். இந்தத் தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வாங்கினார், மறு ஆண்டு டீம் ஸ்பிரிண்ட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். அவர்களைப் பார்த்து நமக்கெல்லாம் பெருமைதான். எங்கள் கூட்டத்திலிருந்து அப்படி ஒருவர் வருவார் என்று சொல்லி நான் தங்களிடம் சலுகை கேட்கவில்லை. பதக்கம் வாங்காத சைக்கிளுக்கும் சாலையில் உரிமை உண்டு என்றே கேட்கிறேன். நாற்பது வயதில் சர்க்கரை வந்து, டாக்டர் சொல்லி மிதிக்கத் தொடங்கியவர் எங்களோடு இருக்கிறார். வேலை தேடி மெயின்லேண்டுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று குழம்பிக்கொண்டிருக்கும் பையன்கள், வீட்டில் பேசாததை மேடு ஏறும்போது பேசுகிறார்கள்.

பெண்கள் எங்களோடு வருவது குறைவு. லாரி பயமும் ஆளில்லாத பாதையில் போகும் தயக்கமும்தான் காரணம், ஆசை இல்லாமல் இல்லை. இந்த இடத்தில் எனக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வருகிறது. 1991 வாக்கில் அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் பழகுவதையும் சேர்த்தார். எழுத்துப் படிக்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள், கேலி பேசிய ஊர்கள் வாயை மூடின. கல்வெட்டில் பொறிக்கும்படியான பெரிய கட்டடம் எதையும் அந்த அதிகாரி அதற்காகக் கட்டவில்லை. ஏறட்டும் என்று ஓர் ஆட்சியர் வெளிப்படையாகச் சொன்னதே பாதி வேலையைச் செய்தது. தாங்களும் அப்படி ஒரு வார்த்தை சொன்னால் ஓரல்கச்சாவிலும் அடஜிக்கிலும் அக்காமார்கள் ஞாயிறு காலை சைக்கிளை வெளியே எடுப்பார்கள்.

மத்திய விளையாட்டு அமைச்சகம் 2024 டிசம்பரில் ஃபிட் இந்தியா சைக்கிள் இயக்கத்தைத் தொடங்கி, ஞாயிறுதோறும் நாடெங்கும் நடத்திவருகிறது. ஆகையால் புதிய திட்டமோ பெரிய ஒதுக்கீடோ தேவையில்லை. கொடியசைப்பு விழாவும் பேனரும் இலவச டி-ஷர்ட்டும் எங்களுக்கு வேண்டாம். ஞாயிறு காலை எட்டு மணி வரை லாரி ஓடக் கூடாது என்று ஓர் உத்தரவு. வனத்துறையின் பாதைப் பலகை. உளுத்த மரப்பாலங்களுக்குப் புதுக் கட்டை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மீட்டர். வாடகைக்குச் சைக்கிள் விடும் யோசனை எப்போதாவது வந்தால், அதை வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுக்காமல் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே கொடுங்கள்.

இங்கே டிசம்பர் கடைசியில் மழை விடும், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பாதை காய்ந்திருக்கும், மே மாதம் மறுபடியும் களிமண் ஆகிவிடும். பாலக் கட்டை மாற்றுவதென்றால் அந்த நான்கு மாதத்தில்தான் மாற்ற முடியும். ஆகவே இந்த மழை விடுவதற்குள் தங்கள் உத்தரவு வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிலம்பூரிலிருந்து ஒரு சைக்கிள்காரன்